கேஸ்கேட் போடவும்

தோணிமலை அடிவாரத்து மடத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஞானம் தேடுகிறவர்கள். சிரிக்கிறதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், பிறகு நேரம் கிடைக்காது.

மடம் ஒரு தர்ம ஆஸ்பத்திரி நடத்துகிறது. சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு அங்கே இலவசமாக டயாலிசிஸ் செய்கிறார்கள். யாருக்கு எந்த நேரம், யாருக்கு எந்த மெஷின் என்பதெல்லாம் மடத்து டேட்டாபேஸில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் குரு தவமணி அம்மாவின் தவம். சென்னையில் நல்ல வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டு வந்து காவி கட்டினார். விட்டது வேலையைத்தான், கீபோர்டை இல்லை.

சீடர் ஆவுடையப்பன் கரண்ட் ஆபீஸில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். பாதி ஆயுள் கம்பத்து மேலேயே போய்விட்டது. பில் கட்டாத வீட்டு ஃபியூஸைப் புடுங்குவதில் கெட்டிக்காரர் என்று பேர். குருவை அவர் 'அம்மா' என்பார். குரு அவரை 'ஐயா' என்பார். யார் யாருக்குக் குரு என்று வெளியாட்களுக்கு அடிக்கடி குழம்பும்.

அன்று காலை அம்மா சொன்னார்.

"சேகரன் மடத்தை விட்டுப் போயிட்டார். அவர் பேர்ல இருக்கிற அனுமதியை எடுத்துடுங்க ஐயா."

மடத்தில் அது விதி. போகிறவர் யாராக இருந்தாலும், போன மறுநாள் டேட்டாபேஸ் கதவு அவருக்கு மூட வேண்டும். நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாது இல்லையா? இதற்காகவே தனியாக 'மடம்' என்ற பெயரில் ஒரு கணக்கு இருந்தது. எல்லோருக்கும் மேலான கணக்கு. அம்மா அதைத் திறந்து கொடுத்துவிட்டு, "அவசரப்படாம செய்யுங்க" என்று சொல்லிப் பூஜைக்குப் போனார்.

அவசரப்படாமல் செய்கிற நிலையில் ஆவுடையப்பன் இல்லை.

சேகரன் அவரைவிட இருபது வருஷமாவது சின்னவன். மூன்று வேளையும் அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன். அப்படிப்பட்டவன் 'போயிட்டு வாரேன்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சமையல்காரர் சொல்லித்தான் இவருக்கே தெரியும். ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தார். அவன் நம்பரை போனிலிருந்து அழித்தார். காலையில் இந்த வேலை கைக்கு வந்ததும், பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு.

டேட்டாபேஸில் அனுமதி கொடுக்கிற கட்டளைக்கு கிராண்ட் என்று பெயர். எடுக்கிற கட்டளை ரிவோக். இந்த இரண்டும் தெரிந்தால் போதும், இந்தக் கதை முழுக்கப் புரிந்துவிடும்.

ஆவுடையப்பன் ரிவோக் என்று அடித்தார். நோயாளிகள் டேபிள், அதாவது அவர்கள் விவரமெல்லாம் இருக்கிற பட்டியல், என்று அடித்தார். சேகரன் பேரை அடித்தார். என்டரைத் தட்டினார்.

மெஷின் மறுத்தது.

'முடியவில்லை. இவரைச் சார்ந்தவை இருக்கின்றன. அவற்றையும் எடுக்க கேஸ்கேட் போடவும்.'

மெஷின் இங்கிலீஷில் சொல்வதையெல்லாம் சீடர்களுக்காக அம்மாதான் தமிழில் மாற்றி வைத்திருந்தார்.

ஆவுடையப்பன் வாழ்நாளெல்லாம் சர்க்குலர் படித்த மனுஷன். 'ஆஜராகவும்' என்றால் ஆஜராக வேண்டும். 'துண்டிக்கவும்' என்றால் துண்டிக்க வேண்டும். 'போடவும்' என்றால்? போட்டார்.

கேஸ்கேட் என்றால் என்ன என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அருவி என்று அர்த்தம். குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு, மேலே ஒரு கல் உருண்டால் கீழே குளிக்கிறவன் கதி என்னவாகும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது இங்கிலீஷில் இருந்ததே.

'ஆயிற்று' என்றது மெஷின்.

"போடா போ" என்றார் ஆவுடையப்பன். ஒரு நிமிஷம் மனசு நிறைந்து இருந்தது.

போன் அடித்தது. டயாலிசிஸ் ஹாலிலிருந்து சிஸ்டர் பியூலா. அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

"ஐயா, இங்க டிவியில ஒண்ணுமே வரல."

"கரண்ட் இருக்கா?"

"கரண்ட் இருக்கு. டிவி எரியுது. யார் எந்த மெஷின்னு வருமே, அதைக் காணோம். பேஷண்ட் எல்லாம் வந்து உக்காந்துட்டாங்க."

"இதோ பாக்கேன்மா, இரு."

தன் பேரில் இருக்கும் கணக்கைத் திறந்தார். நோயாளிகள் டேபிளைக் கேட்டார்.

'உங்களுக்கு அனுமதி இல்லை.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். அதேதான்.

"எனக்கா?" என்று மெஷினிடமே கேட்டார். மெஷின் என்ன பதில் சொல்லும்?

எடுத்தது சேகரனுடையதை. போனது டிவியில் இருந்த பலகை. அடைபட்டது தன்னுடைய கதவு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையே! சரி, புடுங்கின ஃபியூஸைத் திருப்பி மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று மடத்துக் கணக்குக்குப் போனார். கிராண்ட் போட்டு, எடுத்த அனுமதியைச் சேகரனுக்கே திருப்பிக் கொடுத்தார்.

'ஆயிற்று' என்றது மெஷின்.

பியூலாவைக் கூப்பிட்டார். "இப்ப வருதா?"

"இல்லைங்கய்யா."

இன்னொரு தடவை கொடுத்தார். "இப்ப?"

"இல்லை. ஐயா, இங்க ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்குது. சீக்கிரம் பாருங்க."

தன் கதவைத் தட்டிப் பார்த்தார். அனுமதி இல்லை. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் பூஜை மண்டபத்துக்கு ஓடினார். பாதி தீபாராதனையில் அம்மாவின் முன்னால் போய் நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

அறைக்கு வந்து திரையைப் பார்த்தார் அம்மா. நடந்ததெல்லாம் அதில் வரிசையாக இருந்தது.

"ஒரு வீட்டு ஃபியூஸைப் புடுங்கினா அந்த வீடுதானே அம்மா இருட்டாகணும்?" என்றார் ஆவுடையப்பன். "ஊரே எப்படி இருட்டாச்சு?"

"அந்த வீட்டிலிருந்து ஒயர் இழுத்துப் பக்கத்து வீடெல்லாம் எரிஞ்சுக்கிட்டிருந்தா?"

"அது திருட்டுக் கரண்ட்!"

"இழுத்துக்கலாம்னு நானே அனுமதி கொடுத்திருந்தா?"

கரண்ட் ஆபீஸில் அப்படி ஒரு அனுமதி கிடையாது.

"அந்தப் பலகை தனி டேபிள் இல்லை ஐயா. நோயாளிகள் டேபிளைப் பார்க்கிறதுக்குச் சேகரன் வச்ச ஜன்னல் அது. வியூன்னு சொல்லுவோம். டேபிளைப் பார்க்க அவருக்கு அனுமதி இருந்ததால ஜன்னல் நின்னுச்சு. அனுமதி போச்சு. ஜன்னல் எது மேல நிக்கும்?"

"அனுமதியைத்தான் திருப்பிக் கொடுத்துட்டேனே. ரெண்டு தடவை கொடுத்துட்டேனே!"

"அனுமதி நீங்க கொடுக்கக் கூடியது. ஜன்னல் அவர் கட்டினது."

"திரும்பி வராதா?"

"யாராவது கட்டினா வரும்."

"என் கதவையும் அடைச்சிருச்சும்மா. நான் சேகரனோட ஜன்னல் இல்லையே. நான் நீங்க சேர்த்த ஆளு."

"உங்களுக்கு அனுமதி கொடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"நான் கொடுக்கலை."

"பின்னே?"

"சேகரனுக்கு நான் கொடுத்தேன். வேணும்கிறவங்களுக்கு நீங்களே கொடுத்துக்கலாம்னு சேர்த்துக் கொடுத்தேன். அவர் உங்களுக்குக் கொடுத்தார்."

ஆவுடையப்பன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு அந்த நாள் நன்றாகவே ஞாபகம் இருந்தது. யார் கொடுத்தது என்றுதான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அவர் சம்சாரம் செல்லக்கிளிக்கு இதே ஹாலில்தான் டயாலிசிஸ் நடந்தது. அவள் உள்ளே படுத்திருப்பாள். இவர் வெளியே வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் சேகரன் வந்து, "சும்மா உக்காந்து சுவரையே ஏன் அண்ணாச்சி முறைக்கிறீங்க? உள்ள வாங்க, இந்தப் பேரையெல்லாம் படிச்சுச் சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்று கூட்டிக்கொண்டு போனான். பிறகு ஒரு நாள், "நீங்களே அடிங்க" என்றான். செல்லக்கிளி போன பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து பேர் அடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருப்பாரோ.

"எந்திரிங்க ஐயா" என்றார் அம்மா. "முதல்ல ஹாலுக்குப் போவோம்."

ஹாலில் யாருக்கும் ஊசி குத்தவில்லை. நாற்காலிகளில் ஆட்கள் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிவி வெறும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

ஜன்னல் பக்கத்தில் முப்பிடாதி. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறவர். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. சாய்ந்தால் மூச்சு முட்டுகிறது என்று நேராக நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

பியூலா அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவள் பயந்துபோயிருந்தாலும் பேச்சில் பிசிறு இல்லை.

"மஞ்சள்காமாலைக் கிருமி ரத்தத்துல உள்ளவங்களுக்குத் தனி மெஷின். இல்லாதவங்களுக்கு இந்த வரிசை. மாத்தி உக்கார வச்சா ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு ஒட்டிக்கும். பலகையில செவப்பு, பச்சைன்னு கலர் வரும், அதைப் பார்த்துத்தான் நான் உக்கார வைப்பேன். கலர் இல்லாம நான் யாரையும் தொட மாட்டேன்மா. டாக்டரும் மத்தியானம்தான் வருவார்."

"தொடாதீங்க. சரிதான்" என்றார் அம்மா.

நோயாளிகள் டேபிள் பத்திரமாகத்தான் இருந்தது. அம்மா கையிலிருந்த லேப்டாப்பில் அதைத் திறந்தார். ஒவ்வொரு பேருக்கும் நேராகக் கிருமி என்ற கட்டம். கட்டத்தில் நிறம் இல்லை. ஒரே ஒரு எழுத்து இருந்தது.

சிலருக்கு 'உ'. நிறையப் பேருக்கு 'இ'. முப்பிடாதிக்கு 'ப'.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"இ-ன்னா இருக்கு" என்றார் ஆவுடையப்பன்.

"இல்லைன்னும் இருக்கலாமே?" என்றாள் பியூலா.

"அப்ப உ?"

"உ-ன்னா என்னய்யா?"

"பிள்ளையார் சுழி."

பியூலா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பாவம், அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"ப-ன்னா பாசிட்டிவ்" என்றாள் பியூலா.

"பரவாயில்லைன்னு போட்டிருப்பான்" என்றார் ஆவுடையப்பன்.

ஒருத்தி சொல்படி முப்பிடாதி கிருமி உள்ளவர். இன்னொருத்தர் சொல்படி இல்லாதவர். எந்த எழுத்து எந்த நிறம் என்பது அந்த ஜன்னலுக்கு மட்டும்தான் தெரியும். ஜன்னல் அருவியோடு போய்விட்டது. பழைய நகல் ஒன்று இருந்தது, இல்லாமல் இல்லை. அதை எடுத்து விரிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும் என்றார் அம்மா.

பியூலா முப்பிடாதியிடமே கேட்டாள். "உங்களுக்கு மஞ்சள்காமாலை இருக்குன்னு யாராவது சொன்னாங்களாம்மா?"

"எனக்குக் காலு வீக்கம்தான் தாயி இருக்கு" என்றார் முப்பிடாதி. அதைச் சொல்வதற்கே இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

ஆவுடையப்பன் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் காலைப் பார்த்தார். அந்த வீக்கம் அவருக்குத் தெரியும். செல்லக்கிளிக்கும் ஒரு முறை தப்பினால் அப்படித்தான் ஏறும், விரலால் அழுத்தினால் குழி விழும்.

"நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேம்மா? விதிப்படிதானே செஞ்சேன்! மெஷினே சொல்லிச்சு, கேஸ்கேட் போடவும்னு. போடவும்னு சொன்னா போடாம என்ன செய்ய?"

அம்மா லேப்டாப்பை மூடினார்.

"அதை எழுதினது நான்" என்றார். "'போட்டால் எல்லாம் போகும்'னு எழுதியிருக்கணும். தப்பு என்னுது."

ஆவுடையப்பனுக்கு இது இன்னும் குழப்பமாகப் போனது. திட்டியிருந்தால்கூட ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"இப்ப என்ன செய்யம்மா?"

"சேகரனைக் கேளுங்க."

"நானா?"

"எடுத்தது நீங்க."

"நீங்க கேட்டா நல்லா இருக்கும். நான்... என்கிட்ட நம்பர் இல்லை."

அம்மா தன் போனில் நம்பரை அழுத்தி அவர் கையில் கொடுத்துவிட்டு, முப்பிடாதிக்கு முதுகில் தலையணை வைக்கப் போய்விட்டார். போன் மணி அடிக்க ஆரம்பித்தது. ஆவுடையப்பன் அதைக் காதில் வைக்கலாமா கீழே வைக்கலாமா என்று நின்றார்.

"அம்மா, சொல்லுங்க" என்றது குரல். பின்னால் பஸ் இரைச்சல், இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

"அம்மா இல்லை. நான்தான்."



"அண்ணாச்சி?"

"உன் பேரை எடுத்துட்டேன்லே. காலையில. கோவத்துல எடுத்துட்டேன். எல்லாம் போச்சு. பலகை போச்சு. முப்பிடாதி அக்கா மூச்சு வாங்கிட்டு உக்காந்திருக்கு. ப-ன்னா என்னன்னு தெரியலை. உ-ன்னா என்ன, இ-ன்னா என்ன, ஒரு எழவும் தெரியலை."

"இருங்க, இருங்க. முப்பிடாதி அக்காவை எந்த மெஷின்லயும் உக்கார வச்சிட்டீங்களா?"

"இல்லை."

"வைக்காதீங்க. ப-ன்னா பார்க்கணும். வேற ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவங்க அவங்க. அங்க எடுத்த ரிசல்ட் கைக்கு வரலை. உண்டா இல்லையான்னு நமக்குத் தெரியாது. நம்ம லேப்ல பார்க்கிற வரைக்கும் கோடி ரூம்ல ஒத்தை மெஷின் இருக்கு பாருங்க, அதுல மட்டும்தான் போடணும். உ-ன்னா உண்டு. இ-ன்னா இல்லை. இருக்கு, இல்லைன்னு போட்டா ரெண்டுக்கும் இ வந்து குழப்புதுன்னுதான் உண்டு, இல்லைன்னு வச்சேன்."

"பார்க்கணும்" என்று ஆவுடையப்பன் சத்தமாகச் சொன்னார். "ப-ன்னா பார்க்கணும். கோடி ரூமு!"

பியூலா அதற்குள் முப்பிடாதியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ள ஆரம்பித்திருந்தாள். பாசிட்டிவ் என்று அவள் நினைத்ததை நம்பியிருந்தால் முப்பிடாதி கிருமி உள்ளவர்களோடு உட்கார்ந்திருப்பார். பரவாயில்லை என்று இவர் சொன்னதைக் கேட்டிருந்தால் மற்றவர்கள் அவரோடு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேரும் அதை நினைத்துப் பார்த்துக்கொண்டார்கள் என்று அவர்கள் முகமே சொன்னது.

போன் இன்னும் காதிலேயே இருந்தது.

"ஏம்லே சொல்லிக்கிடாம போனே?" என்றார் ஆவுடையப்பன்.

"வந்தேன் அண்ணாச்சி. உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தேன்."

"பின்னே?"

"சொன்னா அழுவீங்க. நீங்க அழுதா நான் பஸ் ஏற மாட்டேன். அங்க அப்பாவுக்கு வேற ஆள் இல்லை."

"நான் எதுக்குலே அழப்போறேன்" என்று அழுதுகொண்டே சொன்னார் ஆவுடையப்பன். பக்கத்து நாற்காலிக்காரர் மரியாதையாகத் திரும்பி டிவியைப் பார்த்தார்.

சேகரன் போனிலேயே ஜன்னலைச் சொல்லிக்கொண்டு வந்தான். எந்தக் கட்டத்தை எடுக்க வேண்டும், எந்த எழுத்துக்கு எந்த நிறம், நேரத்தை எப்படி வரிசைப்படுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, ஆவுடையப்பன் மடத்துக் கணக்கில் அடித்தார். இரண்டு இடத்தில் தப்பு வந்தது. "கமா, அண்ணாச்சி, கமா" என்றான் சேகரன். நடுவில் பஸ் ஏதோ மலையைத் தாண்ட, குரல் அறுந்து அறுந்து வந்தது. மறுபடி கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒரு வழியாக டிவியில் பேர்கள் வந்தன. செவப்பு, பச்சை. முப்பிடாதியின் பேரில் மட்டும் மஞ்சள்.

உச்சி வெயிலுக்கு முன்னால் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. கோடி அறையில் முப்பிடாதி சாய்ந்து படுத்திருந்தார். படுக்க முடிந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆவுடையப்பன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

அம்மா கம்ப்யூட்டர் அறையில் இருந்தார். ஆவுடையப்பன் போய் நின்றார்.

"புது ஜன்னல் யார் பேர்ல இருக்கு?" என்றார் அம்மா.

"மடத்துப் பேர்ல."

"உங்க அனுமதி?"

"இன்னும் இல்லை. வெளியதான் நிக்கேன்."

அம்மா கிராண்ட் போட்டார். ஆவுடையப்பனின் கதவு திறந்தது.

"சரி, இப்ப சேகரன் பேரை எடுங்க."

ஆவுடையப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மறுபடியுமா? இன்னைக்குப் பட்டது போதாதா?"

"அவர் போயிட்டார் ஐயா. காலையில நீங்க திருப்பிக் கொடுத்தது இன்னும் அவர் பேர்ல நிக்குது. எடுக்கத்தான் வேணும்."

"அப்ப நான் காலையில செஞ்சது சரியா?"

"எடுங்க."

"சரியா தப்பான்னு ஒண்ணு சொல்லுங்கம்மா. சரின்னா ஏன் இந்தப் பாடு? தப்புன்னா ஏன் மறுபடி செய்யச் சொல்றீங்க?"

அம்மா கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

ஆவுடையப்பன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். ரிவோக். நோயாளிகள் டேபிள். சேகரன். கேஸ்கேட் போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

'ஆயிற்று.'

டிவி இருண்டுவிட்டதா என்று ஹாலுக்கு ஓடிப் பார்த்தார். பலகை அப்படியே இருந்தது. திரும்பி வந்து தன் கதவைத் தட்டினார். திறந்தது. ஒரு இலைகூட அசையவில்லை.

அவருக்கு நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாருக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தார். தன் பேரைத் தேடினார். 'பெற்றவர்: ஆவுடையப்பன். கொடுத்தவர்: மடம்.' மேலே போனார், கீழே வந்தார். மறுபடி மேலே போனார்.

"சேகரன் பேரு எங்கயும் இல்லையே அம்மா."

"இருக்காது."

"மடம் கொடுத்ததுன்னு போட்டிருக்கு. எனக்கு மடமா கொடுத்துச்சு? நான் சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருந்தப்ப மடமா வந்து கூப்பிட்டுச்சு?"

"இல்லை."

"அவன்தானே கொடுத்தான்?"

"ஆமா."

"அப்ப அவன் கொடுத்தது எங்கம்மா போச்சு?"

அம்மா எழுந்து, பாதியில் விட்டுவந்த பூஜைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"என்னைக் கேட்டா? உங்களுக்குத்தானே கொடுத்தார்."